ஆத்தா திருப்பி அனுப்பிய மாத்திரை

நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போல ஒரு வலி. போன வருடம் அதோடுதான் ரப்பர் மலை ஏறினேன். பால் வாளியோடு பத்து எட்டு வைத்தால் மூச்சு முட்டும். என் பெயர் மாரியாயி. இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். நாற்பத்தெட்டு வயதிலேயே போய்விடுவேன் என்று நினைத்தேன். மாரியம்மன் கோயிலில் விழுந்து அழாத வெள்ளிக்கிழமை இல்லை.

இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பீட்டா புளொக்கர் என்ற மாத்திரையில் இரண்டு வகையைச் சோதித்துப் பார்க்கிறார்களாம், எது வலியை நன்றாக அடக்குகிறது என்று. சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கிடைப்பது எந்த வகை என்று அவருக்கே தெரியாதாம். "ஆத்தாவுக்குத் தெரியுமில்ல" என்று கையெழுத்துப் போட்டேன். மாத்திரை தின்ற மூன்றாம் வாரமே வலியில்லாமல் மலை ஏற முடிந்தது.

அப்போதுதான் எனக்குத் திமிர் வந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டியவள், வேப்பிலையும் மஞ்சளும் இருக்க, மருந்து தின்னலாமா? நாக்குக்கு அடியில் வைக்கும் அவசர மாத்திரையையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஆத்தா காலடியில் வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் மலையில் வலி வந்தது. பழைய வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாளி உருண்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு "ஆத்தா, என்னைய விட்றாதே" என்று கத்தினேன்.

பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ராணி ஓடி வந்தாள். அவள் மடியில் என் மாத்திரைப் பை.

"காலையில சூடம் கொளுத்தப் போனேன்டி. ஆத்தா காலடியில ஒன் மருந்து கெடக்கு. ஒன்னைய நல்லா ஏசணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். வாயத் தொற!"

அவசர மாத்திரையை என் நாக்குக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரிடம் நடந்ததை மறைக்கவில்லை. சோதனைக்குத் தந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்புமாம். சிங்கள நர்ஸ் என் கையைப் பிடித்து, "அக்கே, மருந்து வேணாம்னு சாமி சொன்னதா?" என்று தமிழில் கேட்டார்.

சோதனை முடிந்து எனக்குத் தந்தது எந்த வகை என்று சொன்னார்கள். பெயர்தான் வாயில் நுழையவில்லை. தினமும் திருநீறு பூசி, அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் மலைக்குப் போகிறேன். இந்த வருடமும் காப்புக் கட்டினேன், மருந்தோடு.

நீங்களும் உங்கள் பயத்தை, கண்ணீரை அவள் காலடியில் வையுங்கள். வாங்கிக்கொள்வாள். மருந்தை மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்ததை ராணி கையில் கொடுத்து மலைக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.