ஒரு செகண்ட் பொறுத்தவர்

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது, மணிக்கட்டு உடைந்த விமானப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கழுத்து அசையாமலிருக்கப் போட்ட காலர். தரையிறங்கும்போது அவரும் ஒரு மாணவியும் பறந்த சின்ன விமானம் ஓடுபாதையில் மோதி, எகிறிக் கவிழ்ந்திருந்தது. அதை ஓட்டிய அந்த மாணவி மாடியில் ஐசியுவில் நினைவில்லாமல் கிடந்தாள். என்னிடம் அன்றைய சிகிச்சை முடிந்ததும் அவர் தினமும் மாடியேறி, அந்தக் கதவருகே உட்காராமல் நிற்பார்.

ஒருநாள் சொன்னார்: "ரொம்ப வேகமா இறங்குதுன்னு தெரிஞ்சுது மேடம். அவளே சரி பண்ணிடுவாள்னு ஒரு செகண்ட் விட்டேன். கன்ட்ரோலை நான் வாங்கியிருக்கணும்."

"அவளோட அம்மாகிட்ட சொன்னீங்களா சார்?"

"இன்னைக்குத்தான் சொன்னேன். அவங்க முழுசா கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், 'சாப்பிட்டீங்களா சார்'னு கேட்டாங்க."

சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார்.

மறுவாரம் அந்தப் பெண் இறந்துபோனாள். அவர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாதி குணமான அந்தக் கையோடு எங்கே இருக்கிறாரோ.