கடைசி சைஸ்

எங்கள் பழைய அம்பாசிடர் கார் நகரியிலிருந்து திருப்பதி வரை சமர்த்தாகப் போகும். மலை ஏறச் சொன்னால் மட்டும் முதல் வளைவிலேயே புகை கக்கி நின்றுவிடும். அம்மாவுக்கோ நம்ம வண்டியிலேயே மலைக்குப் போய்ப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்த பிறகு நைனாவுக்கும் அந்தப் பிடிவாதம் தொற்றிக்கொண்டது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, புத்தூரில் மெக்கானிக். சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும் என்று இன்ஜினைக் கழற்றினார். ஏற்கெனவே கடைந்திருந்த சிலிண்டர் அது.

“இதான் கடைசி சைஸ் மாப்ள. இதுக்கு மேல போர் பண்ணா சுவரு தாங்காது.”

“ஒருவாட்டி மலை ஏறினா போதும் மச்சான்,” என்றார் நைனா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தரம் ஏறவா இத்தனை பாடு? இனி வாராவாரம் மலைக்குப் போவோம் என்று வகுப்பு முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன்!

திருப்பதி லேத்தில் கடைந்து வந்ததைப் பூட்டி முடித்ததும் மாமா கண்டிப்பாகச் சொன்னார். புது பிஸ்டன் இறுக்கமாக இருக்கும். ஒரு மாசமாவது சமதரையில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், அதற்குள் மலை ஏற்றினால் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நைனா தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமையே வண்டிக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, முன் சீட்டில் தலையணை வைத்து அம்மாவை உட்கார வைத்தார். மாமா கத்தப் போகிறார் என்று பார்த்தேன். அவரோ தண்ணீர் கேன்களோடு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வளைவுக்கு வளைவு நிறுத்தி இன்ஜினை ஆறவிட்டோம். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே குட்டியாகத் தெரிந்த ஊரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மேலே போய் வண்டியை ஓரம் கட்டும்போது இன்ஜின் கிறீச்சிட்டு நின்றது. மறுபடி அசையவே இல்லை.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கினு இருந்தா இன்னா நைனா? மாமா தலபாடா அடிச்சிக்கினாரே!” என்று அழுதேன்.

நைனா அம்மாவைக் கைகொடுத்து இறக்கினார். மாமா பானெட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். அம்மாதான், “வுடுடி, அதான் வந்து சேந்துட்டமே,” என்று என் தலையைக் கோதினாள்.

மழைக்காலம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். பொறுத்திருக்க எங்களுக்கு நாளில்லை என்பது அந்த வண்டியில் போன நான்கு பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.