புறப்படும் முன் உட்கார்ந்தவர்

"கவர்னரு காலு நடுங்கித்தான் உட்கார்ந்தாரு. அப்புறம் அன்னிக்கே ரயில் ஏறி ஓடிட்டாரு. எங்க வீட்டுக்காரரே ஜன்னல் வழியா பார்த்தாரு" என்கிறாள் கிளாஃபிரா, ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி.

"ஏண்டி, உன் வீட்டுக்காரன் அன்னிக்கு எந்த ஜன்னல்கிட்ட நின்னான்? செங்கல் அடுப்போட திண்ணை மேல ஏறிப் படுத்து, மூஞ்சியைக் கம்பளிக்குள்ள பொதைச்சிருந்தான்னு நீதானே சொன்னே?" என்றேன்.

வரிசையே சிரித்தது. அவள் விடவில்லை. "போ அக்கா. நீ கவர்னர் வீட்டு உப்பைத் தின்னவ. அப்படித்தான் பேசுவே."

தின்றேன்தான். பதினான்கு வருஷம் அவர் சட்டைகளைத் துவைத்துத் தின்றேன். கிளாஃபிராவின் இரண்டு மகன்களும் அன்று சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் சூப் குடித்தார்கள். என் மகன் நிகோனும் குடித்தான். அவர் ஓடவில்லை, தலைநகரிலிருந்து அன்றே தந்தி அடித்துப் பதவியைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

போர்ஃபிரி இக்னாத்யெவிச் எங்கள் வோல்கா கரை மாகாணத்துக்கு கவர்னராக வந்தபோது அவர் சட்டை முழங்கையெல்லாம் ஒட்டு. மேலே பதக்கம், உள்ளே கிழிசல். துவைக்கிறவளுக்குத் தெரியாததா? மனைவியை இழந்தவர், பிள்ளையும் இல்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, எங்களைப் போலவே தட்டில் ஊற்றித்தான் தேநீர் குடிப்பார். பஞ்ச வருஷத்தில் கிராமங்களில் காட்டுக்கீரை விதையை மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். கறுப்பாக, வறட்டி மாதிரி இருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் மேஜையிலும் அதே ரொட்டிதான். தலைநகரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் அதைக் கடித்துவிட்டு விழித்தார். "மெல்லுங்க, மெல்லுங்க. அப்பதான் உங்க அறிக்கை நல்லா வரும்" என்றார் இவர். அந்த மாதமே தானிய வண்டிகள் வந்தன.

குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. முன்கோபி. சுவரில் துண்டுப் பிரசுரம் ஒட்டிய பள்ளிக்கூட வாத்தியாரைச் சிறையில் தள்ளியதும் அவர்தான். அதற்காக நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சட்டைக்குக் கஞ்சியும் போடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து, அக்டோபர் மாதம். வாத்தியாரை விடச் சொல்லி, தோல் பதனிடும் ஆலைக்காரர்கள் சிவப்புக் கொடியோடு சதுக்கத்துக்கு வந்துவிட்டார்கள். என் நிகோன் முன்வரிசையில். மாளிகைப் படிக்குக் கீழே குதிரைமேல் அரசாங்கத்துக் கசாக்குப் படை. நான் துணிக்கூடையோடு முன்கூடத்துக்கு வந்தபோது படைக் கேப்டன் கவர்னரிடம் தந்தியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பேச்சு வேண்டாம், சுடுன்னு உத்தரவு வந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. கால் மணி நேரத்துல சதுக்கம் காலி."

"காலியாகும். அப்புறம் யாரு பொறுக்கறது?"

"என்னத்தை ஐயா?"

"விழுந்தவங்க தொப்பிகளை."

கேப்டன் முகம் சிவந்தது. "அவங்ககிட்ட பேசப் போனா பதவி போயிடும். எவன்கிட்டயாவது துப்பாக்கி இருந்தா உயிரும் போயிடும்."

"ரெண்டும் தெரியும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உஸ்தீன்யா, உன் பையனும் அங்கதானே?"

"ஆமாங்கய்யா. முன்னாடியே நிக்கிறான். வாய் ஜாஸ்தி."

"யார்கிட்டேருந்து வந்துச்சோ!"

நின்றபடியே ஒரு காகிதத்தில் எழுதிக் கேப்டனிடம் கொடுத்தார். "வாத்தியாரை விடச் சொல்லி எழுதியிருக்கேன். அதுக்குக் கீழே இன்னொரு வரி. நான் விழுந்தாலும் யாரும் சுடக்கூடாது."

வாளை அவிழ்த்து வைத்தார். பதக்கம் குத்திய அங்கியையும் கழற்றிவிட்டு, வாயிற்காவலர் தெமெந்தியின் பெஞ்சில் உட்கார்ந்தார். "எல்லாரும் உட்காருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெடுந்தூரம் போகிறவர்கள் வீட்டில் பெட்டி கட்டி முடித்தபின் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்காருவோம். எழுபது அடி தள்ளி இருக்கும் சதுக்கத்துக்கு எவன் உட்காருவான்? தெமெந்தி தரையில் உட்கார்ந்தார். நான் கூடைமேல். கேப்டன் விறைத்து நின்றார். அப்புறம் அவரும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பாட்டுச் சத்தம். உள்ளே கூடை மட்டும் கிறீச்சிட்டது. நடுங்கியது நான்தான். அவர் முழங்கால் என் கண்ணெதிரே இருந்தது. கல் மாதிரி இருந்தது.

எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"குளிருமே ஐயா, அங்கியாவது..."

"கையில ஒண்ணும் இல்லைன்னு தெரியட்டும்மா. சட்டைக்குக் கஞ்சி போட்டியா?"

"போட்டிருக்கேன்."

"அது போதும். தெமெந்தி, ரெண்டு கதவையும் திற."

அவரைக் கண்டால் தொப்பி கழற்றுவது நாங்கள்தான். அன்று நிலைப்படியிலேயே அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பாட்டு நின்றது. வெள்ளைச் சட்டையோடு, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், எங்கள் கவர்னர் கதவைத் தாண்டி வெளியே போனார்.