தங்க நிற டப்பாவில் சரோஜா அக்காவின் காப்பி

தேயிலை விலை விழுந்ததிலிருந்து மஞ்சூர் சரோஜா அக்காவுக்குக் காப்பிக்கொட்டைதான் கதி. எங்கள் குன்னூர் கடைக்குத்தான் கொண்டுவந்து போடுவார்.

அதை வறுத்து, அரைத்து, தங்க நிற டப்பாவில் அடைத்து, நீலகிரியில் இல்லாத பனிமலைப் படத்தை ஒட்டுவது என் வேலை.

இன்று மூட்டையோடு மழையில் நனைந்து வந்தார். அந்த டப்பாவிலிருந்தே ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"இது எந்த ஊர்க் கொட்டைங்க தம்பி? நம்மளுதுல இந்த வாசம் வராதுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "அது வெளியூர்ச் சரக்குங்க."

அக்கா தலையாட்டினார். மூட்டையை முதலாளி பக்கம் தள்ளி, "நம்மளுது மட்டந்தானுங்க. ஏதோ பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

நான் அடுத்த டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டிலும் அந்த டப்பா இருந்தால் சொல்லுங்கள், வாசம் எப்படி?