தம் போட்ட மண்

என் கணவர் மண்ணுக்குத் தம் போட்டவர். திண்டுக்கல்லில் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். செம்மண்ணை அண்டாவில் கொட்டித் தண்ணீர் தெளித்து, மூடியைச் சுற்றி மைதா மாவை அப்பி, மேலே கங்கு அள்ளிப் போட்டு இறக்கிய ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர். பிள்ளைப் பிராயத்திலிருந்து விறகுப் புகைக்குள்ளேயே நின்றவர். போன வருஷம் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி அடுப்புப் பக்கம் போனால் நுரையீரல் தாங்காது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என்னை யாரு மாஸ்டர்னு கூப்புடுவா?"

சின்னாளப்பட்டி போகிற வழியில் கிணற்றோடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பச்சை வலை கட்டி, எலுமிச்சங் கன்று போட்டு விற்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். சுற்றுவட்டாரத்தில் எலுமிச்சை வைக்கிறவர்கள் நல்ல கன்றுக்கு அலைகிறார்கள். இவர் வேண்டா வெறுப்பாகத்தான் ஒத்துக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை. "இந்தக் கன்னு வரலேன்னா நான் அடுப்புக்குத்தான் போவேன் புள்ள. அப்ப நீ குறுக்க நிக்கக் கூடாது." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எனக்கு நிம்மதியும் இல்லாமல், ராத்திரித் தூக்கமும் இல்லாமல் போயிற்று.

முதல் தடவை முளைத்ததெல்லாம் கழுத்தில் அழுகிச் சாய்ந்துவிட்டது. மண்ணில் கிருமி இருக்கிறது என்று உரக்கடைக்காரர் சொன்னார். கிருமி என்றால் இவருக்குத் தெரிந்த வைத்தியம் கொதிக்க வைப்பதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. புகை ஆகாது என்றுதானே மண்ணுக்கே வந்தோம்? கடைசியில் அடுப்பை நான் பற்றவைத்தேன். அவர் காற்று வரும் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கங்க ஓரத்துக்குத் தள்ளு, நடுவுல குமிக்காத" என்று அதிகாரம் பண்ணினார். மூடியைத் திறந்ததும் கிட்டே வந்து மோந்து பார்த்து, "பதம் வந்துருச்சு" என்றார். பல மாசத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தக் களையைப் பார்த்தேன்.

இந்த முறை ஒரு விதைகூட அழுகவில்லை. முளைத்தவை நாலு இலை விட்டன. அத்தோடு நின்றுவிட்டன.

சாகவும் இல்லை, வளரவும் இல்லை. வாரக்கணக்கில் அதே நாலு இலை. நிறம் மட்டும் மங்கி, பழைய பித்தளைப் பாத்திரம் மாதிரி ஆயிற்று. டிஏபி உரத்தைக் கரைத்து ஊற்றினோம். ஓரம் கருகியதுதான் மிச்சம். நான் காலையில் போய்ப் பார்ப்பேன், மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் திரும்ப ஒரு நடை போய்ப் பார்ப்பேன், சாயங்காலமும் பார்ப்பேன். அதற்குள் செடி என்ன வளர்ந்துவிடும்? இருந்தாலும் கால் நிற்காது. பால்காரரிடம் சண்டை, பஸ் கண்டக்டரிடம் சண்டை, யாரும் கிடைக்காவிட்டால் இவரிடம் சண்டை. அதற்குள் பேகம்பூரிலிருந்து போன் வந்துவிட்டது. பெரிய கல்யாணம், மாஸ்டர் கைதான் வேணும் என்கிறார்களாம். இவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொன்ன குரலிலேயே பாதிச் சம்மதம் இருந்தது.

அன்றைக்கே இரண்டு கன்றைப் பையோடு கூடையில் வைத்து, பஸ் ஏறி, மண் பரிசோதிக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரியம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். வேரைக் கழுவிப் பார்த்தது. என்ன மண், என்ன உரம், விதைப்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"மண்ணுக்கே தம் போட்டீங்களாம்மா?" என்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. உடனே அதுவே, "தப்பா நினைக்காதீங்க. அழுகல் போனது அதாலதான். ஆனா நல்லதும் சேந்து வெந்து போச்சு," என்றது.

அது விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். செடிக்கு வேண்டிய மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நம் செம்மண்ணில் இல்லாமல் இல்லை. ஆனால் மண்ணோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, தண்ணீரில் கரைந்து வருவதில்லை. வேர் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணில் கிடைத்ததை உறிஞ்சிவிட்டு, அதற்குமேல் எட்டாமல் பட்டினி கிடக்கும். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து, ஒட்டிக்கிடக்கும் சத்தைக் கரைத்துக் கொடுக்கும். வேருக்குள்ளேயே குடியேறும் ஒரு பூஞ்சையும் உண்டு. வேர் உட்பூசணம் என்பார்களாம். தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் வெகுதூரம் ஓடவிட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் இழுத்து வந்து தரும். பதிலுக்கு, இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி அதற்குக் கொடுக்கும். எலுமிச்சை வேரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அதிகம் கிடையாது. அதனால் மற்ற செடிகளைவிட அதற்கு இந்தத் துணை ரொம்ப அவசியம்.

"அப்ப உரத்தைக் கூட்டி ஊத்தலாமா?"

"கூடவே கூடாதும்மா. வாயில ஊட்டிவிட்டா செடி பூஞ்சையச் சேத்துக்காது. நல்லாக் காய்க்கிற எலுமிச்சை மரத்தடி மண்ணு, மெல்லிசு வேரோட கொஞ்சம் எடுத்தாந்து ஒவ்வொரு பையிலயும் ஒரு கை போடுங்க. நோயில்லாத மரமாப் பாத்து எடுங்க. அப்புறம் சும்மா இருங்க."

சும்மா இருங்க! என்னைப் பார்த்து!

அய்யலூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரரை இவருக்குத் தெரியும். கல்யாணச் சமையலுக்கு மூட்டை மூட்டையாக எலுமிச்சம்பழம் அனுப்பியவர். மறுநாளே போய் நின்றோம். மரங்கள் கருகருவென்று இருந்தன, கிளை தரையைத் தொடுகிற அளவுக்குக் காய். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"காயி கேளுங்க பாய், சாக்கு நெறையா தாரேன். செவ்வாக்கெழம அதுவுமா மண்ணக் கேக்குறீகளே! இன்னைக்குத் தோட்டத்து மண்ண வெளிய விட மாட்டோம். நாளைக்கு வாங்க, நானே வெட்டித் தாரேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு வாளி மண்ணுக்கு இன்னொரு நாளா? ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "அவுக வழக்கம் அவுகளுக்கு. நாமளும்தான் நேரங்காலம் பாப்போம்" என்றார். மறுநாள் தோட்டக்காரர் சொன்னபடியே மூன்று மரத்தடியில் மேல்சருகை விலக்கி, வெள்ளைச் சல்லிவேரோடு இரண்டு சாக்கு வெட்டிக் கட்டி வைத்திருந்தார். நான் குனிந்து உற்றுப் பார்த்தேன். வெறும் மண்தான். ஒரு மண்புழு நெளிந்தது.

ஒவ்வொரு பையிலும் வேரோரமாகக் குழி பறித்து ஒரு கை மண் வைத்தோம். இவர் உட்கார்ந்தபடி வைத்தார், நான் பை நகர்த்தினேன். அதன் பிறகு ஆரம்பித்தது பெரிய வேதனை. செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர்கூட அளவோடுதான். கண்ணுக்குத் தெரியாதவனை நம்பி ஐந்து வேளையும் நெற்றியைத் தரையில் வைக்கிறவள் நான். ஆனால் அந்தத் தரைக்குள் கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று வேலை செய்கிறது என்பதை ஒரு வாரம் முழுசாக நம்ப முடியவில்லை. இரண்டு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டால், "மைக்ராஸ்கோப்லதான் தெரியும். பிடுங்காதீங்கம்மா, உங்க காலப் பிடிக்கிறேன்" என்றது.

இவரோ பேகம்பூருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கல்யாணத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் டிஏபி டப்பாவோடு வரிசைக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "செத்த நேரமாச்சும் உன்னால சும்மா இருக்க முடியுதா? என்னைய மட்டும் சொல்ல வந்துட்ட" என்றார்.

கிணற்றோரத்து வரிசையில்தான் முதலில் தெரிந்தது. நுனியில் ஊசி முனை அளவு ஒரு பசுமை. நான் யாரிடமும் சொல்லவில்லை, கண்ணே பட்டுவிடும் என்று பயம். அடுத்தடுத்த நாட்களில் அது இலையாக விரிந்தது. பக்கத்துப் பையிலும் வந்தது. இளம் இலையைக் கசக்கி மோந்தால் எலுமிச்சை மணம் குப்பென்று ஏறியது. ஆனால் அந்த ஒரு வரிசையும் அடுத்ததில் பாதியும்தான். மீதி எல்லாம் அப்படியே பித்தளை நிறத்தில் நின்றன.

கல்யாண வீட்டு வேன் வந்தது அப்படியான ஒரு காலையில். வண்டியிலிருந்து இறங்கிய ஆள் வலைக்கு வெளியே நின்றபடி, "மாஸ்டர், சாமானெல்லாம் ஏத்தியாச்சு. நீங்க நின்னு சொன்னாப் போதும், பசங்க பாத்துக்குவானுங்க" என்றார். நின்று சொல்வதாம்! கரண்டி கையில் ஏறினால் இவர் நின்று சொல்கிற ஆளா? ஆனால் நான் தலையாட்டியவள். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

இவர் பச்சையாய் இருந்த பக்கம் பார்த்தார். மங்கிக் கிடந்த பக்கமும் பார்த்தார். பிறகு, "வேற ஆளப் பாத்துக்கங்க பாய். நான் இனிமே யாருக்கும் வரல" என்றார்.

வேன் திரும்பிப் போயிற்று. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பயம். அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பாதிகூட வரலயே! எந்தத் தைரியத்துல வேணாம்னீங்க? மிச்சம் வராமப் போச்சுன்னா என்னங்க செய்யிறது?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "அது வந்தாலும் வராட்டியும் எனக்கு மூச்சு வேணும்ல. முந்தாநாத்து ராத்திரி அடைச்சிருச்சு புள்ள. இன்னையோட மவுத்துதான்னு நெனச்சுட்டேன். சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்."

நான் அதே அறையில்தான், அவருக்கு ஒரு கை தூரத்தில் படுத்திருந்தேன்.

"என்னைய எழுப்பக் கூடாதா?" என்றேன்.

"தூங்குறவள எங்க எழுப்ப? அந்த ஒரு வரிசை துளுத்த பெறகுதான நீயே கண்ண மூடுற" என்றார்.