பேச்சுக்கு முன் கேட்ட விம்மல்

பள்ளிவாசலின் பயான் சொற்பொழிவுகளை இருபது வருடமாகப் பதிவு செய்பவர் மைக்செட்காரர். புதைகுழியான கப்ரின் தனிமையைப் பற்றி இமாமான ஹஜ்ரத் பேசும்போது கூட்டமே தேம்பும். இவர் மட்டும் கண் கலங்காமல் கருவியைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கு அழுகையே வராதாங்க?" என்பாள் மனைவி.

"நானும் அழுதா வயரை யாரு பார்க்கறது?"

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், வீட்டில் அன்றைய பதிவின் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்யும்போது, பேச்சு தொடங்கும் முன்பே யாரோ விம்முவது கேட்டது. மைக்குக்கு மிக அருகில். அப்போது அங்கே மைக்கை உயர்த்திக்கொண்டிருந்த இவரைத் தவிர வேறு யாருமில்லை. ஹெட்போனை மனைவியிடம் கொடுத்தார். அவள் காதில் மாட்டிக் கேட்டாள்.

"என்னங்க, இது உங்க குரல்."

"நான் அழவே இல்லையே!"

பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதே விம்மல் இருந்தது.

மறுநாள் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனார். அவர் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

"இதை வெட்டிடாதீங்க பாய்" என்றார் கடைசியில். "எந்த இடத்துல குரலை இறக்குனா ஜனங்க அழுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். இது அந்த மாதிரி அழுகை இல்ல."

அதற்குப் பிறகு ஹஜ்ரத் உடனே பேசத் தொடங்குவதில்லை. மைக் முன்னால் தலைகுனிந்து, எதற்கோ காது கொடுத்தபடி நிற்கிறார்.