மெயின் கதைக்கு வராத சாயங்காலம்

தமிழில் டப்பிங் செய்த ஜப்பான் கார்ட்டூன் என்றால் பள்ளிப் பருவத்தில் எனக்கு உயிர். அதில் வரும் கிளைக்கதைகளைக் கண்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். வில்லன் வாளை ஓங்கியிருப்பான். மறுநாளிலிருந்து வாரக்கணக்கில் நாயகன் ஏதோ ஒரு தீவில் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். அதே கதையை மனிதர்கள் நடித்த படமாக சிடியில் பார்த்தேன். அதில் கிளைக்கதையே இல்லை. இரண்டு மணி நேரத்தில் சாக வேண்டியவர்கள் எல்லாம் செத்துப்போனார்கள். அதுதான் சரி என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம், கே.கே. நகர் கிளினிக்குக்கு தன் ஸ்கேன் ரிசல்ட்டை வாங்கப் போயிருந்த அப்பா ஒத்தக்கடை வீட்டுக்குத் திரும்பினார். அதிகம் பேசாத மனிதர், செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார். பஸ்ஸில் கூட்டம், கம்பவுண்டர் வாங்கிய புது பைக், டாக்டர் ரூமில் இருந்த மீன்தொட்டி.

"எம்புட்டுப் பெரிய தொட்டிங்கிற!" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஆறிப்போன காபியை இன்னும் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"மெயின் கதைக்கு வாங்கடா" என்று தினமும் டிவியைப் பார்த்துக் கத்துகிறவன் நான். அன்று அப்பாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "மீனெல்லாம் என்ன கலருப்பா?" என்று கேட்டேன்.